நசுங்கத் தெரிந்த இரும்பு

மோதுவதற்கு முன் பொம்மைக்கு முகம் எழுத வேண்டும்.
நெற்றிக்கு நீலம், மூக்குக்குச் சிவப்பு,
தாடைக்குப் பச்சை,
முழங்கால் இரண்டுக்கும் மஞ்சள்.
எது எங்கே பட்டதென்று
பிறகு நிறம்தான் வந்து சொல்லும் இல்வாவிடம்.
பொம்மை சொல்லாது.

அலிங்சோஸ் ஊருக்கு வெளியே, ஓட்ஸ் வயல் நடுவே கொட்டகை.
உள்ளே நூறு மீட்டர் தண்டவாளம்,
அது முடியும் இடத்தில் காங்கிரீட்.
வெளியே டிசம்பர். மூன்றரைக்கே இருட்டு.

மணிக்கு அறுபத்து நான்கு கிலோமீட்டர்:
ஐந்தாம் மாடியிலிருந்து காரோடு விழுவதற்குச் சமம்.
வானொலி கேட்டபடி, காப்பியை உறிஞ்சியபடி
தினமும் கிடைமட்டமாக விழுந்துகொண்டிருக்கிறோம்,
தரை வராததால் தெரிவதில்லை.

யெர்க்கெர் பத்திலிருந்து கீழே எண்ணுகிறான்.
இமைப்பதற்குள் முடிந்துவிடும் என்று
பதினோரு வருடமாக இல்வா இமைப்பதில்லை.
என்றாலும் எதையும் பார்த்ததில்லை.

பிற்பகல், படத்தை மெதுவாக ஓட்டினால்:
முன்சட்டம் புடவைக் கொசுவம்போல் மடிகிறது.
எஞ்சின் தலைகுனிந்து அடியில் நழுவுகிறது.
பட்டை முதலில் இறுக்கிப் பிடிக்கிறது,
பிறகு, சுருளுக்குள் ஒரு கம்பி முறுக்கிக்கொண்டு,
ஒரு சாண் விட்டுக்கொடுக்கிறது.
பை ஏற்கெனவே விரிந்து காத்திருக்கிறது.
வித்தை எல்லாம் ஒன்றுதான்:
நிற்பதற்கு இன்னும் கொஞ்சம் இடம்,
அந்த இடத்தைக் கடக்க இன்னும் கொஞ்சம் நேரம்.

ஒரு விபத்தில் மூன்று மோதல்.
சுவரோடு கார்.
பட்டையோடு உடம்பு.
விலாவோடு ஈரல்.
மூன்றாவதைப் பிடிக்க இங்கே கேமரா கிடையாது.

அன்று மாலை, போரோஸ் போகும் சாலையில்,
கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி.
ஸ்டியரிங் சொன்னதைச் சக்கரம் கேட்கவில்லை.
ஒரு பிர்ச் மரம்.
மரத்துக்கு மடியத் தெரியாது.
எண்ணவும் யாரும் இல்லை.

காற்றுப் போய்ப் பை தொங்கியபோது
வெள்ளைத் துணியில் ஒரு வாய் இருந்தது,
அரைக் கோணலாக, கருஞ்சிவப்பில்,
அவள் காலையில் பூசியது.
*இவ்வளவு இடப்பக்கமா* என்று நினைத்தாள்.
பயம் அதற்குப் பிறகுதான் வந்தது,
பாதத்திலிருந்து மேலே ஏறி.

மூன்றாம் நாள் உடைந்த வண்டிகளின் முற்றத்தில்
"தகர டப்பா" என்றார் தூரே, எட்டி உதைத்து.
"என் அப்பா வைத்திருந்தது பார், கருங்கல்.
மோதினால் ஒரு கீறல் விழாது."
"அப்பாவுக்கு?" என்று கேட்டாள்.
தூரே கையுறையைக் கழற்றி
மறுபடி மாட்டிக்கொண்டார்.

அவள் குந்தி உட்கார்ந்து நாடா பிடித்து அளந்தாள்.
முன்பக்கம் எழுபத்தொரு சென்டிமீட்டர் குறைந்திருந்தது.
அந்த எழுபத்தொன்றுக்குள்தான்
அவள் இப்போது குந்தி உட்கார்ந்திருந்தாள்.
ஓட்டுநர் கதவு ஒன்றுமே நடக்காததுபோல்
கிளிக் என்று திறந்தது.

திங்கட்கிழமை வேலை.
இடத் தோளிலிருந்து வலது இடுப்புக்கு
பூணூல் போட்டதுபோல் ஒரு கன்றல்,
ஓரத்தில் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது.
தூரிகையைத் தூக்கினால் வலித்தது.
நாற்காலியில் வழக்கமான பொம்மை:
எழுபத்தெட்டு கிலோ, ஆண்.
அலமாரியில் அவள் உயரத்துக்கு ஒன்று உண்டு,
ஐந்தடி, பெரும்பாலும் பக்கத்து இருக்கைக்கு.
"இன்று அதை ஓட்டவிடலாமே."
"அட்டவணையில் இல்லை" என்றான் யெர்க்கெர்.
அவள் கன்றலைப் பார்த்திராதவன்.
"அடுத்த வாரம் கேட்டுப் பார்க்கிறேன்."

நீலம், சிவப்பு, பச்சை முடித்தாள்.
உதடு எழுத வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை.
எழுதினாள்.
அதற்குப் பெயிண்ட் கேட்கவில்லை,
கைப்பையில் இருந்ததே போதுமாக இருந்தது.